விழுந்தால் போதுமா?

போன புதன்கிழமை எங்கள் ஆபீஸ் கம்பைலர் விழுந்துவிட்டது.

பதறாதீர்கள். கம்பைலர் என்பது பரணிலிருந்து தலையில் விழுகிற சாமான் இல்லை. நாம் எழுதுகிற புரோகிராமை வாங்கி, இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிற இன்னொரு புரோகிராம். மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேடையில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் பொத்தென்று மயங்கிச் சரிகிறார்... எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

'எழுதுவது போக நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் மேடம்?' என்று அடிக்கடி கேட்கிறீர்கள். இதுதான் வேலை. எந்த வாக்கியத்தைக் கேட்டு மயங்கினார் என்று கண்டுபிடிப்பது.

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டா? ஆமாம். ஆபீஸ் சென்னையில். மாதத்துக்கு இரண்டு தடவை ரயிலேறிப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவேன். மற்ற நாட்களில் மலையடிவாரத்து வீட்டின் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். 'உட்கார்ந்துகொண்டு' என்பதில்தான் கொஞ்சம் பொய் இருக்கிறது. எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. குக்கரில் விசில் வருவதற்குள் நாலு தடவை அடுப்படிக்குப் போய் வருகிற ரகம் நான். பஸ் ஐந்து நிமிஷம் லேட் என்றால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பிப்பேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். அப்படியும் புத்தி வராது.

இந்தக் கதையில் நான் முக்கியமில்லை. நஸ்ரின்தான் முக்கியம்.

நஸ்ரின் என்னோடு அதே டீமில் இருப்பவள். அரக்கோணத்துக்காரி. அவள் கணவர் வீட்டு வாசலிலேயே டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். ஆன்லைன் மீட்டிங்கில் இவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு வண்டி உறுமும். அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த மாதிரிதான் - என் வீட்டுக்காரர் தொழில் சவுண்ட் சர்வீஸ்!

அவரை நான் 'பாவா' என்று கூப்பிடுவேன். சொந்த அத்தை மகன். தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்குகிற இந்தப் பக்கத்தில் அது சகஜம். ஆடிக் கிருத்திகை வருகிறதா, பாவாவுக்கு இப்போது கை கொள்ளாத வேலை. அன்னதானப் பந்தல் எல்லாவற்றுக்கும் மைக் செட் போக வேண்டும். வீட்டு வராந்தாவில் நாள் முழுக்க 'ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்டிங்' தான். இந்த ஹலோவுக்கு நடுவில்தான் நாங்கள் உலகத்து கம்பைலர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நஸ்ரின் காண்ட்ராக்டில் இருப்பவள். இந்த மாதக் கடைசியோடு காண்ட்ராக்ட் முடிகிறது. கம்பைலரில் அவள் ஒரு புதுப் பகுதி எழுதியிருந்தாள். புரோகிராமில் ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்கிற இடத்தை லூப் என்பார்கள். அடுத்தடுத்து வருகிற இரண்டு லூப்பை ஒன்றாகச் சேர்த்து வேகத்தைக் கூட்டுகிற பகுதி அது. மாதக்கணக்கில் எழுதினாள். அந்தப் பகுதி இந்த ரிலீஸில் வெளியே போனால் அவளைப் பர்மனென்ட் ஆக்கிவிடலாம் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லியிருந்தார். போகாவிட்டால்? 'பார்க்கலாம்' என்றார். ஆபீஸ் பாஷையில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் புதன்கிழமை காலை ஒரு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மெயில். ரிலீஸுக்கு முன்னால் சோதித்துப் பாருங்கள் என்று கொடுத்திருந்த பதிப்பு, அவர்களுடைய புரோகிராம் ஒன்றைப் படிக்கும்போது நடுவில் விழுகிறதாம். புரோகிராமையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். நாற்பதாயிரம் வரி!

மேனேஜர் போனில் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ரிலீஸ் சமயத்தில் எந்த மேனேஜர் நல்ல மனிதராக இருந்திருக்கிறார்?

"சாயங்காலம் ஆறு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். அதுக்குள்ள காரணம் தெரியணும். நஸ்ரின் பார்ட்டா இருந்தா எடுத்துட்டு ரிலீஸ் பண்ணிடலாம். வேற எதுவா இருந்தாலும் அப்படியே போகட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நஸ்ரின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் டம்ளரில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

கம்பைலர் விழும்போது கடைசியாக லாக் என்கிற பதிவேட்டில் ஒரு செய்தி சொல்லிவிட்டு விழும். இதுவும் சொல்லியிருந்தது. ஆனால் அது எல்லாப் பகுதிகளும் வந்து சேருகிற பொதுவான சரிபார்ப்பு இடத்தில் வருகிற செய்தி. எங்கோ ஏதோ சரியில்லை என்று தெரியுமே தவிர, யார் பகுதியால் என்று தெரியாது. நஸ்ரின் பகுதியை மட்டும் அணைத்துப் பார்க்க ஒரு ஸ்விட்ச்சும் வைக்கவில்லை; ஆறு மணிக்குள் பிரித்தெடுத்துப் பார்க்கவும் முடியாது. வைத்திருக்க வேண்டும்.

சரி, நாற்பதாயிரம் வரியில் எந்த வரி? ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தால் அடுத்த ஆடி வந்துவிடும்.

இதற்கென்றே எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. அது செய்வது ரொம்பச் சாதாரண வேலை. புரோகிராமில் பாதியை வெட்டித் தூக்கிப்போடும். மீதியைக் கம்பைலரிடம் கொடுத்து, 'இப்பவும் விழுகிறதா?' என்று பார்க்கும். விழுந்தால், வெட்டியது தேவையில்லாத பாதி. போகட்டும். விழவில்லையா? வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிட்டு வேறு இடத்தில் வெட்டும். பாதி, கால், அரைக்கால், ஒரு வரி, ஒரு சொல்... இனி ஒரு சொல்லை எடுத்தாலும் கம்பைலர் விழாது என்கிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போகும். நாற்பதாயிரம் வரி கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுகிற அளவுக்கு வந்துவிடும். அப்புறம் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும் - சரி, எந்தக் கம்பைலர் இன்ஜினியரும்.

மூளை கிடையாது அதற்கு. பொறுமை மட்டும்தான். என்னிடம் எது இல்லையோ அது.

ஒன்றே ஒன்றுதான் நாம் சொல்லித்தர வேண்டும். எதைப் பார்த்தால் 'ஆமாம்', எதைப் பார்த்தால் 'இல்லை' என்று. அதை எழுதியது நான். ஒரே வரி. 'கம்பைலர் விழுந்ததா? விழுந்தால் ஆமாம்.' தட்டிவிட்டேன். கருவி ஓட ஆரம்பித்தது.

முப்பதாயிரம். இருபதாயிரம். நான் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒன்பதாயிரம். கடைக்குப் போய் யாருக்கும் தேவைப்படாத கொத்தமல்லிக்கட்டு வாங்கி வந்தேன். முந்நூறு. ஐம்பது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. வெறும் ஐந்து வரி!

இரண்டு பேரும் ஸ்க்ரீனில் குனிந்து பார்த்தோம். கம்பைலர் விழுந்த இடம் நஸ்ரினுடையது இல்லவே இல்லை. தப்பாக எழுதிய புரோகிராமைப் பார்த்து 'இந்த வரியில் தப்பு' என்று திட்டுகிற பகுதி ஒன்று உண்டு. திட்டப் போன இடத்தில் அதுவே விழுந்திருந்தது. அந்தப் பகுதியை எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது.

இதைவிட அருமையான குற்றவாளி கிடைப்பானா? எந்த ஆபீஸிலும் எல்லாத் தப்பையும் செய்தவர் வேலையை விட்டுப் போனவர்தானே. அவரும் வருத்தப்படப் போவதில்லை, நமக்கும் உறுத்தப் போவதில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவும் செய்தேன் என்று பாவா சொல்கிறார்.

மெயில் எழுத ஆரம்பித்துவிட்டேன். 'காரணம் தெரிந்துவிட்டது. நஸ்ரின் பகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை...'

"அக்கா, இருங்க."

"என்ன?"

"லாக்ல வந்த மெசேஜ் இது இல்லக்கா."

"விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"மயக்கம் போட்டு விழறதும் வழுக்கி விழறதும் ஒண்ணாக்கா?" என்றாள். "இந்த அஞ்சு வரிய பாருங்க. மொத வரில ஒரு பேரு இருக்குது, அது என்னன்னு எங்கயுமே சொல்லவே இல்ல. அத சொன்ன எடத்த கருவி வெட்டிட்டுது. இது தப்பான புரோகிராம்க்கா. அவங்க அனுப்புனது தப்பான புரோகிராம் இல்லியே? தப்பே இல்லாத புரோகிராம்ல, திட்டற எடத்துக்கு எதுக்குப் போவுது?"

அவள் சொன்னது புரிந்துவிட்டது - புரிந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது. வெட்டிக்கொண்டே போகிற வழியில் எங்கேயோ கம்பைலர் வேறொரு காரணத்துக்காக விழுந்திருக்கிறது. நான் கேட்டது 'விழுந்ததா?' என்று மட்டும்தான். கருவி என்ன செய்யும்? கேட்டதைக் கொடுத்துவிட்டது. முதல் நோயாளியை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு, வேறு ஒருவரைக் கொண்டு வந்து பெட்டில் படுக்க வைத்திருக்கிறது.

வராந்தாவில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த பாவாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"போன வருஷம் பந்தல்ல என்னை அந்தச் சிரிப்பு சிரிச்சியே... இப்ப இன்னா சொல்றே?"

போன வருஷக் கதை இதுதான். ஒரு பந்தலில் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருந்தது. பாவா ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு ஒயரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. வெற்றிகரமாக டிபன் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், அன்னதானம் போடுகிறவர் மைக் முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். ஒரு சத்தம் வரவில்லை. பிடுங்கியது ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர்! 'இரைச்சல் போச்சு, கூடவே பேச்சும் போச்சு' என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இந்தப் பத்தியில்கூட எழுதுகிறேன் என்று மிரட்டியிருந்தேன். எழுதிவிட்டேன் பாவா, திருப்தியா?

ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஸ்ரினிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இதுவும் நெஜமான பிழைதானே நஸ்ரின்? நாம ஒண்ணும் பொய் சொல்லல. இத அனுப்பிடுவோம். உன் பார்ட் உள்ள போயிடும். அப்புறமா நிதானமா இன்னொண்ண தேடிக்கலாம். மேனேஜரே சொன்னாரே, அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு."

நிதானம் என்கிற சொல்லை நான் பயன்படுத்தினேன் என்பதைக் கவனிக்கவும்.

அவள் கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அனுப்பிடணும்னுதான்க்கா இருக்குது," என்றாள். "அதான் பயமா இருக்குது."

மெயிலை மூடிவிட்டேன்.

கேள்வியை இந்தத் தடவை அவள் எழுதினாள். விழுந்தால் மட்டும் போதாது. லாக்கில் வந்த அதே செய்தியைச் சொல்லிவிட்டு விழ வேண்டும். வெட்டிய பிறகும் புரோகிராம் ஒழுங்கான புரோகிராமாக இருக்க வேண்டும் - வேறொரு கம்பைலரிடம் கொடுத்தால் அது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' வந்தால்தான் வெட்டியது வெட்டியதாகவே இருக்கும்.

மறுபடியும் நாற்பதாயிரத்திலிருந்து.

ஒழுங்கான கேள்விக்குப் பதில் சீக்கிரம் வருவதில்லை. காலையில் சரசரவென்று இறங்கிய எண்ணிக்கை இப்போது இறங்கவே மாட்டேன் என்றது. வெட்டும், 'இல்லை' என்று வரும், ஒட்டும். வெட்டும், ஒட்டும். என்னால் பார்க்க முடியவில்லை. மாடிக்குப் போய்க் காயாத துணியைத் திருப்பிப் போட்டேன். பாவா கே.ஜி.கண்டிகையில் ஒரு பந்தலுக்கு ஆம்ப்ளிஃபையர் கொடுக்கப் போவதாகச் சொன்னதும், நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். எதற்கு? எனக்கே தெரியாது. அங்கே ஒரு டீ குடித்தேன். அது உள்ளே இறங்குவதற்குள் நஸ்ரினுக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு?"

"ஆறாயிரம் சில்லறக்கா. ஓடிகினு இருக்குது."

"ஏதாவது தெரியுதா?"

"இப்பத்திக்கு ஒண்ணும் தெரியல. நீங்க டீய குடிங்க."

"குடிச்சிட்டேன்!"

வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாம் எல்லோரும் வீட்டில் இந்தக் கருவியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், இல்லையா? பையனுக்கு மார்க் குறைந்துவிட்டதா? செல்போனைப் பிடுங்கு. வீட்டில் சண்டையா? அன்றைக்கு வந்துவிட்டுப் போன நாத்தனார் காரணம். உடம்பு அசதியா? சீதோஷ்ணம். வெட்டி வெட்டி, கைக்கு அடக்கமாக ஒரு காரணம் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறோம். நாம் தேடிப் புறப்பட்டது இதுதானா என்று யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அதுவும் அந்தக் காரணம் நம் வீட்டு ஆள் இல்லாமல், அடுத்த வீட்டு ஆளாக இருந்துவிட்டால்... கேட்கவே வேண்டாம்.

இதை நினைத்து எனக்கு நிம்மதி ஒன்றும் வரவில்லை. வெறுப்புதான் வந்தது. மெயிலில் பாதி எழுதிய கை என்னுடையது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நஸ்ரின் அதே நாற்காலியில் அதே மாதிரி இருந்தாள். லேப்டாப் ஃபேன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. நூற்றுக்குக் கீழே வந்திருந்தது. நாற்பது. இருபத்தேழு. நான் பின்னால் நின்று அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு. அப்புறம் நின்றுவிட்டது.

பதினான்கு வரி. இரண்டு லூப், ஒன்றுக்குப் பின் ஒன்று. இரண்டாவது லூப் ஒரு தடவைகூடச் சுற்றாது - சுற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிற மாதிரி அமைந்திருந்தது. இப்படியும் ஒருவர் எழுதுவாரா என்றால், எழுதியிருக்கிறார்களே. அதைப் பக்கத்து லூப்போடு சேர்க்கப் போன இடத்தில்தான் எல்லாம் குழம்பியிருக்கிறது.

சேர்க்கப் போனது யார் பகுதி?

"என்னுதுதான்க்கா," என்றாள் நஸ்ரின்.

அழுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சுத்தாத லூப்பு வரும்னு நான் நெனச்சிப் பாக்கவே இல்ல," என்று தனக்குத்தானே சொன்னாள். உடனே தன் புரோகிராமைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி மீட்டிங்குக்கு முன்னால் சரிசெய்தும் விட்டாள். பதினான்கு வரி கையில் இருந்தால் அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு சோதனை - லூப் ஒரு தடவையாவது சுற்றுமா? சுற்றாது என்றால் தொடாதே.

கான்ஃபரன்ஸ் காலில் அவளே பேசினாள். நான் பேசுகிறேன் என்று சொன்னேன், விடவில்லை.

"சார், என் பார்ட்ல தப்பு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். வேற ஒரு பழைய பிழையும் கெடச்சிருக்குது, அதையும் அனுப்பறேன்."

அந்தப் பக்கம் மேனேஜர் எதையோ தட்டிக் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நல்ல வேலை நஸ்ரின். ஆனா கடைசி நேரத்துல புது மாற்றம் எதுவும் உள்ள விட முடியாது, உனக்கே தெரியும். இந்த ரிலீஸ்லேருந்து உன் பார்ட்டை எடுத்துடறேன். அடுத்ததுல போகட்டும்."

"சரி சார்."

"மத்தது... பார்க்கலாம்."

கால் முடிந்தது. நான் கத்தினேன். அந்த மனிதர் காதில் விழாது என்று தெரிந்தும் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன். வாடிக்கையாளரிடம் மானம் போகாமல் காப்பாற்றியவளுக்கு 'பார்க்கலாமா'? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பர்மனென்ட் ஆகியிருப்பாளே!

நேற்று முடிவு வந்துவிட்டது. காண்ட்ராக்டை நீட்டித்திருக்கிறார்கள். பர்மனென்ட் இல்லை. 'அடுத்த ரிலீஸுக்குப் பிறகு' என்று ஒரு வரி. போயிற்று.

இன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தேன். காவடிக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. அரக்கோணம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்டுவிட்டேன்.

"வருத்தமா இல்லையா நஸ்ரின்?"

"இல்லாம எப்படிக்கா? ராத்திரி சோறே எறங்கல," என்றாள். படியில் ஏறி நின்று திரும்பினாள். "ஆனா எதுக்கு வருத்தம்னு எனக்குத் தெரியும் இல்ல?"

எனக்கு அதுகூடத் தெரியவில்லை. கோபம் மேனேஜர் மேலா, அந்த மெயிலைப் பாதி எழுதிய என் மேலா... இந்த வரி வரைக்கும் எழுதிப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.